1992-க்கு ஒரு வரிசை

ரோஜாவா, தேவர் மகனா என்று கேட்டால் ஐம்பது வயதைத் தொட்ட எந்தப் பாட்டுப் பிரியரும் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டார். இரண்டும் 1992-இல் வந்தவை. ரோஜா ஆகஸ்ட் 15-இல், தேவர் மகன் தீபாவளிக்கு. அந்த ஆண்டுக்கான தேசிய விருதுக் குழுவே இதில் திணறிப்போனது. சிறந்த இசைக்கான வாக்கெடுப்பில் இளையராஜாவும், அப்போதுதான் வந்திருந்த ஏ.ஆர். ரஹ்மானும் சமமாக நின்றார்கள். குழுத் தலைவர் என்ற முறையில் தனக்கிருந்த கூடுதல் வாக்கைப் புதியவருக்குப் போட்டதாகப் பாலு மகேந்திரா பின்னாளில் மேடையிலேயே சொன்னார். ஒரே ஒரு வாக்கு. அந்த வாக்கு சரியா என்று முப்பது வருஷத்துக்கு மேலாக டீக்கடைகளில் விவாதம் நடக்கிறது. நடக்கட்டும், நல்லதுதான் என்கிறவன் நான்.

எங்கள் நண்பர் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது ஓர் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு வந்த படங்களின் பாடல் தொகுப்புகளைக் கேட்டு, ஆளுக்குப் பத்தை வரிசைப்படுத்துவோம். பிறகு உட்கார்ந்து சண்டை போடுவோம். இந்த முறை 1992. வீட்டில் இருப்பவர்களுக்கு இது வேலையற்ற வேலை. இசை தெரிந்த சிலரும் அப்படித்தான் சொல்கிறார்கள்: கலைக்கு எதற்கு மார்க், பிடித்ததைக் கேட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. வரிசை போடாதவன் பிடித்த நாலு பாட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறான். வரிசை போட உட்கார்ந்தவன் மறந்துபோன படத்தின் ஐந்தாவது பாட்டையும் கேட்டாக வேண்டும்.

1992-இல் நான் தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் கடையில் வேலை பார்த்தேன். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் கடையை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெற்று கேசட் ஒன்றையும், நோட்டில் கிழித்த தாளில் பாட்டுப் பட்டியலையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். நாங்கள் எல்.பி. தட்டிலிருந்தோ கம்பெனி கேசட்டிலிருந்தோ பதிந்து கொடுப்போம். சிக்ஸ்டி என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். பாட்டு ஒன்று நாலரை, ஐந்து நிமிடம். பக்கத்துக்கு ஆறு பாட்டு ஏறும். ஏழாவதைப் போட்டால் பாதியில் அறுந்துபோகும். ஆனால் வருகிறவர்களின் தாளில் இருபது பாட்டு இருக்கும்.

கம்பம் லைனில் ஓடிய தனியார் பஸ் டிரைவர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர்.

"அண்ணே, பன்னெண்டுதான் ஏறும். எதை எடுக்கட்டும்?"

"எப்புடித் தம்பி எடுக்குறது? பாட்டக் கேட்டுத்தானே ஆளு ஏறுது."

சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து தாளை மடியில் வைத்துக்கொள்வார். பேனாவால் எண்ணைப் போடுவார், அடிப்பார், மறுபடி போடுவார். ஒவ்வொரு அடித்தலுக்கும் காரணம் இருக்கும். "வீரபாண்டி வரைக்கும் நிக்குற கூட்டம், அதுக்கு வேகமான பாட்டு. சின்னமனூர் தாண்டுனா வயக்காடு, காத்து வரும். அங்கன ஜானகி பாடணும் தம்பி." ஒரு பாட்டை நீக்கும்போது அவர் முகத்தில் தெரிகிற வருத்தம் நிஜமானது. இடம் குறைவாக இருந்ததால்தான் அவருக்குத் தன் ரசனை என்னவென்று தெளிவாகத் தெரிந்தது. இன்றைக்குக் கைப்பேசியில் இடத்துக்குப் பஞ்சமில்லை. எதையும் நீக்க வேண்டாம், அதனால் எதையும் எடைபோட வேண்டியதும் இல்லை. வரிசை போடுகிற பழக்கம் அந்த நெருக்கடியை நாமாக நமக்குக் கொடுத்துக்கொள்வது. பத்துக்கு மேல் கிடையாது என்று சொன்ன உடனே காது விழித்துக்கொள்கிறது.

எங்கள் வட்டத்தில் சில கட்டுப்பாடுகள் உண்டு. தொகுப்பை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை தாண்டாமல் கேட்க வேண்டும். படம் ஓடியதா, ஊற்றிக்கொண்டதா என்ற பேச்சே வரக் கூடாது. எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது, காரணம் சொல்ல வேண்டும். கடைசிக் கட்டுப்பாடுதான் மிகவும் கடினமானது. "சும்மா பிடிக்கும்" என்று யாராவது சொன்னால் அவருக்கு டீ கிடையாது.

1992-ஐ ஏன் எடுத்தோம் என்பதற்கு அந்த ஆண்டே பதில் சொல்லும். மன்னனில் ரஜினி சொந்தக் குரலில் பாடினார். சிங்காரவேலன், செம்பருத்தி, நாடோடித் தென்றல், ஆவாரம்பூ, உன்ன நெனச்சேன் பாட்டுப் படிச்சேன், மீரா என்று இளையராஜா ஒருவரே கொடுத்தவற்றை எண்ணிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். செந்தமிழ்ப் பாட்டில் எம்.எஸ். விஸ்வநாதனும் அவரும் சேர்ந்து இசையமைத்தார்கள். அண்ணாமலையிலும் சூரியனிலும் தேவா. வானமே எல்லையில் மரகதமணி. அமரனில் ஆதித்யன். ஆகஸ்டில் ரஹ்மான். மெல்லிசை மன்னரும் இசைப்புயலும் ஒரே ஆண்டின் கேசட் அலமாரியில் அடுத்தடுத்து நின்றார்கள். தமிழ்த் திரையிசையில் இப்படி எல்லாத் தலைமுறையும் ஒன்றாக நின்ற ஆண்டுகள் குறைவு.

இன்னொன்றையும் வரிசை போடும்போதுதான் கவனித்தேன். வானமே எல்லை, அண்ணாமலை, ரோஜா மூன்றையும் தயாரித்தது கே. பாலசந்தரின் கவிதாலயா. ஒரே கம்பெனி, ஒரே ஆண்டு, மூன்று இசையமைப்பாளர்கள், மூவரில் ஒருவர்கூட இளையராஜா இல்லை. நாட்டில் பாதிப் படங்களுக்கு அவர்தான் என்றிருந்த காலத்தில், ராஜா இல்லாமலும் படம் எடுக்கலாம் என்று ஒரு நிறுவனம் முடிவெடுத்துவிட்டது. ரஹ்மான் திடீரென்று வானத்திலிருந்து குதித்தார் என்று நாம் சொல்லிக்கொள்கிற கதை அவ்வளவு சரியில்லை. கதவை அதற்கு முன்பே யாரோ திறந்து வைத்திருந்தார்கள்.

என் வரிசையில் முதல் இடம் ரோஜாவுக்கு. பண்ணைப்புரத்துக்காரர் மாவட்டத்தில் பிறந்துவிட்டு இப்படிச் சொல்லலாமா என்று என் பள்ளித் தோழன் ஒருவன் இரண்டு நாள் பேசவில்லை. சொல்லத்தான் வேண்டும். ரோஜாவில் வீண் என்று தள்ள ஒரு பாட்டு இல்லை. மின்மினியின் குரலில் தொடங்கி, உன்னி மேனன், சுஜாதா, எஸ்.பி.பி., சித்ரா என்று வந்து, தமிழில் முதல் முறையாகப் பாடிய ஹரிஹரனில் முடிகிற வரைக்கும் ஒவ்வொரு பாட்டும் வேறு நிலம், வேறு வெளிச்சம். ஆனால் எல்லாமே ஒரே ஆள் ஒரே அறையில் உட்கார்ந்து யோசித்தது என்று காதுக்குத் தெரிகிறது. கோடம்பாக்கத்தில் தன் வீட்டையொட்டிக் கட்டிய ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்தது அது.

அந்தக் கேசட்டை முதன்முதலில் டெக்கில் போட்டுப் பதிவு செய்தபோது எங்கள் மெஷினில் நடந்ததைச் சொல்கிறேன். ரெக்கார்டிங் லெவல் காட்டும் விளக்கு வரிசை ஒன்று முன்பக்கம் இருக்கும். பச்சையில் ஆட வேண்டும். சிவப்பைத் தொட்டால் பதிவில் கரகரப்பு வந்துவிடும். அதுவரை நாங்கள் பதிந்துகொண்டிருந்த பாட்டுகளுக்கு லெவல் எங்கே வைக்க வேண்டும் என்பது கைக்குப் பழகிப்போயிருந்தது. அந்த அளவில் வைத்து ரோஜாவை ஓட விட்டதும், பேஸ் விழுகிற ஒவ்வொரு இடத்திலும் விளக்கு சிவப்புக்கு எகிறியது. லெவலைக் குறைத்தேன். குறைத்த பிறகும் மேலே ஒலித்த சின்னச் சத்தங்கள் காணாமல் போகவில்லை, ஒவ்வொன்றும் தன் இடத்தில் தெளிவாக நின்றது. ராஜாவின் இசைக்குழுவில் வயலின்கள் ஒன்றாக எழுந்து வரும்போது நடுவில் ஒரு நிறைவு இருக்கும். இங்கே நடுவைக் காலியாக விட்டு, அடியையும் நுனியையும் ஒருவர் செதுக்கியிருந்தார். கடை முதலாளி உள்ளே இருந்து எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று கேட்டார்.

அதே கேசட்டை எங்கள் பஸ் டிரைவர் இரண்டே நாளில் திருப்பிக் கொண்டுவந்தார். "பாட்டு நல்லாருக்கு தம்பி, ஆனா வண்டியில சவுண்டே வரமாட்டேங்குது." அவர் சொன்னதும் சரி. இன்ஜின் இரைச்சலில் பஸ் ஸ்பீக்கருக்கு நடுப்பகுதி ஒலிதான் கேட்கும். அந்த ஸ்பீக்கரில் ராஜா ராஜாவாகவே இருந்தார், ரஹ்மானின் பாதி காணாமல் போயிருந்தது. ஒரு தொகுப்புக்கு இடம் கொடுக்கும்போது அதை எங்கே, எதில் கேட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கம்பம் பஸ்ஸில் 1992-இன் முதல் இடம் செம்பருத்திக்குத்தான். கடலோரக் கதை, மலையடிவார ரோட்டில் அப்படி ஒட்டிக்கொண்டது.

இரண்டாம் இடம் தேவர் மகனுக்கு. இதைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், ஏனென்றால் எங்கள் சண்டையின் பாதி இதில்தான் போனது.

இசையாக மட்டும் பார்த்தால் அதை முதல் இடத்தில் வைக்காதவன் காது கேளாதவன். மாயாமாளவகௌளையில் அமைந்த அந்தப் பெண்குரல் பாட்டில் கோயிலின் குளிர்ச்சி இருக்கிறது. எஸ். ஜானகிக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் பாடச் சொல்லி வற்புறுத்துகிறான், கிராமத்துப் பெண் வெட்கப்படுகிறாள். பாட்டு தொடங்கும்போது பக்கவாத்தியம் அவளுக்குக் கைகொடுப்பதில்லை. தயக்கம், மூச்சு, அடக்கிய சிரிப்பு, எல்லாம் குரலிலேயே. பிறகு மெதுவாக அவள் தன் கூச்சத்தை விட்டு வெளியே வருகிற அந்த இடத்தில்தான் இசை வந்து சேர்ந்துகொள்கிறது. இதைப் பாடியபோது ஜானகிக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருந்தது. கல்யாணமான புதிதில் நிற்கும் ஒரு பெண்ணின் தொண்டை அது.

ஆனால் அதே கேசட்டில் ஒரு சாதியின் பெருமையைப் பாடும் பாட்டும் இருக்கிறது. கடையில் அந்தப் பாட்டுக்கு வந்த ஆர்டர் தனி ரகம். பட்டியல் தாள் கிடையாது. இரண்டு பக்கமும் அந்த ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பதிந்து கொடு என்பார்கள். ஊர்வலத்துக்கு, விழாவுக்கு, ஒலிபெருக்கி கட்டிய வேனுக்கு. அது எந்தத் தெரு வழியாகப் போகும்போது சத்தத்தைக் கூட்டுவார்கள் என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023-இல் மாமன்னன் பாடல் வெளியீட்டு விழாவில், கமல்ஹாசனை முன்னால் வைத்துக்கொண்டே, தேவர் மகன் தனக்குள் உண்டாக்கிய வலியை மாரி செல்வராஜ் பேசினார். அந்தப் பேச்சைக் கேட்டபோது நான் அந்த வேன்களை நினைத்துக்கொண்டேன்.

"மாப்ள, படம் அதைக் கண்டிக்கத்தானே செய்யுது. கடைசியில அருவாளக் கீழ போடச் சொல்லித்தானே முடியுது" என்றான் என் தோழன். உண்மைதான். படம் அப்படித்தான் முடிகிறது. ஆனால் கேசட்டில் அந்தக் கடைசிக் காட்சி கிடையாது. நாம் வரிசைப்படுத்துவது படத்தை இல்லை, பாடல் தொகுப்பை. படத்தைவிட்டு இறங்கி, கடைக்கும் பஸ்ஸுக்கும் ஊர்வலத்துக்கும் தனியாக நடந்து போன பொருள் அது. அது போன இடத்தில் என்ன செய்தது என்பதை அதன் கணக்கில் எழுதாமல் வேறு யார் கணக்கில் எழுதுவது? அந்த ஒரு பாட்டுக்காகத்தான் என் வரிசையில் தேவர் மகன் ஓர் இடம் இறங்கியது. இதில் என்னோடு உடன்படாதவர்கள் எங்கள் வட்டத்திலேயே அதிகம். மெட்டுக்கு மட்டும்தான் மார்க் என்கிறார்கள். அப்படிப் பிரித்துக் கேட்கிற வசதி அந்தத் தெருக்காரர்களுக்கு இருந்ததா என்று நான் திருப்பிக் கேட்டேன். அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

மூன்று செம்பருத்தி. நான்கு நாடோடித் தென்றல். வெள்ளைக்காரன் காலத்துக் கதைக்கு ராஜா போட்ட இசை. அதில் அவரும் ஜானகியும் சேர்ந்து பாடிய பாட்டு ஒன்று போதும். ஐந்தாவது அண்ணாமலை. இங்கே மறுபடி சத்தம் எழுந்தது. தேவாவை ஐந்தில் வைக்கலாமா என்றார்கள். தேவாவைப் பற்றிப் பேசும்போது நம் ஆட்களுக்கு ஏனோ ஓர் இளக்காரம் வந்துவிடுகிறது. ரஜினி பெயர் திரையில் எழுத்தெழுத்தாக விழும்போது வருகிற அந்த இசை அண்ணாமலையில் தொடங்கியது. சில நொடி இசை, அதைக் கேட்டதும் அரங்கம் எழுந்து நிற்கிறது. முப்பது வருஷம் தாக்குப் பிடிக்கிற சில நொடிகளைச் செய்ய வேறு எத்தனை பேரால் முடிந்திருக்கிறது?

ஆறு சிங்காரவேலன், ஏழு உன்ன நெனச்சேன் பாட்டுப் படிச்சேன். இந்த ஏழாம் இடத்துக்காகத்தான் நான் வரிசை போடுவதையே நியாயப்படுத்துகிறேன். அந்தப் படத்தை இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? விருதும் இல்லை, பெரிய பேச்சும் இல்லை. ஆனால் அதில் ஸ்வர்ணலதாவும் எஸ்.பி.பி.யும் பாடிய காதல் பாட்டைக் கேளுங்கள். ஸ்வர்ணலதா மேல் ஸ்தாயிக்குப் போகும்போது குரலை அழுத்த மாட்டார், அப்படியே மெலிதாக ஏறிவிடுவார். 2010-இல், இன்னும் பாட வேண்டிய வயதில் அவர் போய்விட்டார். அவருக்குத் தேசிய விருது கிடைத்தது கருத்தம்மாவுக்கு. அதற்கு முன்னால் அவர் பாடிக் குவித்தவையெல்லாம் இப்படி ஏழாம் எட்டாம் இடத்துப் படங்களில்தான் கிடக்கின்றன. முதல் இரண்டு இடத்தைப் பற்றி மட்டும் பேசுகிற ஊரில் அவற்றை யார் போய் எடுப்பார்கள்?

வாக்கெடுப்பு நடத்திவிட்டால் போகிறது, எதற்கு இத்தனை பேச்சு என்று கேட்பவர்கள் உண்டு. 2002-இல் பி.பி.சி. உலக சேவை உலகின் தலைசிறந்த பத்துப் பாட்டுகளுக்கு வாக்கெடுப்பு நடத்தியது. தளபதியின் ராக்கம்மா பாட்டு நான்காவதாக வந்தது. எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த முடிவு, நம் ஆட்கள் எவ்வளவு ஒற்றுமையாக வாக்குப் போட்டார்கள் என்பதைத்தான் சொன்னது. அந்தப் பாட்டில் அவ்வளவு குதூகலத்துக்கு நடுவே திடீரென்று தேவாரம் எப்படி வந்து உட்கார்ந்தது என்பதை எந்த வாக்கும் சொல்லவில்லை. இப்போது அந்த வேலையை யூடியூப் பார்வை எண்ணிக்கை செய்கிறது. கோடி பேர் பார்த்தார்கள் என்றால் பாட்டு நல்ல பாட்டு, விவாதம் முடிந்தது. யார் எதைக் கேட்டார்கள், எதில் பாதியிலேயே வெளியே போனார்கள், ஒன்றும் தெரியாது. எண்ணைப் பார்த்து ரசிக்கப் பழகிய பிள்ளைகளிடம் ஒரு பாட்டு ஏன் பிடித்தது என்று கேட்டுப் பாருங்கள். வார்த்தை வராமல் தவிப்பார்கள். குறை அவர்களுடையது இல்லை. காரணம் கேட்டு யாரும் அவர்களோடு உட்கார்ந்து சண்டை போட்டதில்லை.

ஆண்டு என்கிற வேலியிலும் ஓர் அநியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1991 தீபாவளிக்கு வந்த தளபதிதான் 1992 முழுக்க எங்கள் கடையில் ஓடியது. கணக்கில் அது முந்தின ஆண்டு. மீரா டிசம்பரில் வந்தது. எஸ்.பி.பி.யோடு ஆஷா போஸ்லே பாடிய பாட்டு இருந்தும், ரோஜாவும் தேவர் மகனும் கிளப்பிய புழுதியில் அது கண்ணுக்கே தெரியவில்லை. ஜனவரியில் பிறந்த படத்துக்குப் பன்னிரண்டு மாதம், டிசம்பரில் பிறந்ததுக்குச் சில நாள். இத்தனை வருஷம் கழித்து வரிசை போடும்போதாவது அந்தக் கணக்கைச் சரிசெய்யலாம். மீராவுக்கு எட்டு கொடுத்தேன். ஒன்பது செந்தமிழ்ப் பாட்டு. விஸ்வநாதன் மெட்டுக்கு ராஜாவின் இசைக்குழு என்கிற சேர்க்கைக்கு இடமில்லாத வரிசை எனக்கு வேண்டாம்.

பத்தாம் இடம் இன்னும் முடிவாகவில்லை. எங்கள் வட்டத்தில் பெரும்பாலோர் வானமே எல்லை என்கிறார்கள். நான் அமரனுக்காக வாதாடிக்கொண்டிருக்கிறேன். ஆதித்யனுக்கு அது முதல் படம். கார்த்திக் தன் குரலில் வெற்றிலை பாட்டு ஒன்று பாடியிருக்கிறார், பயிற்சி பெற்ற குரலே இல்லை. அந்தக் கரடுமுரடுதான் அந்தப் பாத்திரத்துக்குப் பொருந்துகிறது. ரஹ்மானுக்குச் சில மாதம் முன்பே வேறொரு புதியவர் வேறு சத்தத்தோடு வந்துகொண்டிருந்தார் என்பதற்கு இந்தக் கேசட் சாட்சி. மரகதமணிக்குத் தெலுங்கில் கீரவாணி என்ற பெயரில் ஒரு ராஜ்ஜியமே இருந்தது, பின்னாளில் ஆஸ்கரும் வந்தது. ஆதித்யனுக்கு எங்கள் பத்தாம் இடமாவது கிடைக்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் முதலிலிருந்து கடைசி வரை, ஒரே ஸ்பீக்கரில், ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கப் போகிறோம்.